கசிவு ஓட்டை சொல்லும் சேதி: வாட்டர் பம்ப் கேள்வி பதில்

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டைச் சுற்றி ஓட வைப்பது கார் வாட்டர் பம்ப். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, பல வருடங்கள் பம்ப் கழற்றி மாட்டிய அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, வண்டி நிற்கும் இடத்தில் பச்சையாக நாலைந்து சொட்டு கிடக்கிறது. ஹோஸ் எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது. பம்ப்பாக இருக்குமா?

பதில்: ஹோஸ் காய்ந்திருந்தால் அடுத்த சந்தேகம் பம்ப் மேல்தான் தம்பி. இன்ஜின் நன்றாக ஆறியதும் ஒரு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னால் பாருங்கள். பெரும்பாலான பம்ப்களில், புல்லியோடு சுற்றும் தண்டான ஷாஃப்டுக்குக் கீழே சின்னதாக ஒரு ஓட்டை தெரியும். அது கசிவு ஓட்டை, வேண்டுமென்றே வைத்தது. கூலண்டைத் தடுத்து நிறுத்துவது சீல், அதற்கு அந்தப் பக்கம் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங். சீல் தேய்ந்து கூலண்ட் தாண்டினால், பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடாமல் வெளியே வரட்டும் என்பதற்குத்தான் அந்த ஓட்டை. அங்கிருந்து கீழே கோடு இழுத்தது போல உப்புப் பூத்த தடம் ஓடினால் சீல் போய்விட்டது, பம்ப்பை மாற்றுங்கள்.

சிலர் ஓட்டையைப் பசை வைத்து அடைத்துக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அடைத்தால் கூலண்ட் பேரிங் பக்கம் திரும்பும். பேரிங் இறுகினால் பெல்ட்டும் அறும்.

கேள்வி: புதுப் பம்ப் போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, அந்த ஓட்டையில் ஈரம் தெரிகிறதே?

பதில்: சீலின் இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று படியும் வரை லேசான ஈரம் வரலாம். தானாக நின்றுவிடும். நிற்காமல் சொட்டினால் பம்ப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: இன்ஜின் முன்பக்கம் ஊளையிடுவது போலச் சத்தம். பம்ப்பா, பெல்ட்டா?

பதில்: இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பம்ப் புல்லியை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பேரிங் போய்விட்டது. அப்புறம் மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளே மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரிந்தாலும் அதே முடிவுதான். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் பேரிங் சீக்கிரம் போகும். ஆகவே பழைய பம்ப் ஏன் செத்தது என்று பார்க்காமல் புதிதை மாட்டாதீர்கள்.

கேள்வி: ரேடியேட்டருக்கு வெறும் தண்ணீர் போதாதா? கூலண்ட் எதற்கு?

பதில்: போதாது. இதை நான் சொல்லாத நாளே கிடையாது. சீலுக்குள் வழுவழுப்பான இரண்டு தட்டை வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று உரசிச் சுற்றுகின்றன. இடையே மயிரிழையை விட மெல்லிய கூலண்ட் படலம்தான் அவற்றுக்கு எண்ணெய். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பும் துருத்தூளும் அங்கே போனால் வளையங்களில் கீறல் விழும். கீறல் விழுந்தால் கசிவுதான்.

கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் அது நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். பார்க்கப் பளிச்சென்று இருக்கிறதே என்று விடாமல், வண்டிக் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றுங்கள். அடர் கூலண்ட் வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலப்பது வழக்கம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. கையேட்டில் உள்ள வகையைப் பாருங்கள். ஒத்துப்போகாத இரண்டு வகை கலந்தால் கூழாகிவிடவும் கூடும்.

ரேடியேட்டர் மூடியையும் கவனியுங்கள். அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலண்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் போனால் அழுத்தம் குறையும், பம்ப்புக்குள் கூலண்டைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் இதழ்களில் குமிழிகள் உண்டாகி உடையும். உடையும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தைக் கொத்தும். கழற்றிய பம்ப்பில் கறையான் அரித்த மரம் போலக் குழிகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கசிவு இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் வேகமாகப் போனால் ஹீட் ஆகிறது.

பதில்: நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் ஹீட் ஆனால் முதலில் ஃபேனைப் பார்க்கச் சொல்வேன். வேகத்தில் ஹீட் என்றால் கூலண்ட் போதுமான அளவு சுற்றவில்லை: சூடானதும் கூலண்டுக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், இம்பெல்லர் போயிருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டு, அதில் பொறித்த டிகிரியில் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் இம்பெல்லர் ஷாஃப்டிலிருந்து நழுவினால் வெளியே புல்லி ஜோராகச் சுற்றும், உள்ளே தண்ணீர் நகராது. கழற்றினால்தான் தெரியும்.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றப் போகிறேன். நல்லா இருக்கிற பம்ப்பையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா?

பதில்: வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்கும் அந்த டைமிங் பெல்ட்தான் பம்ப்பையும் சுற்றுகிறது என்றால் அவர் சொல்வது சரி. கழற்றி மாட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பாதியில் பம்ப் இறுகினால் பெல்ட் பல் தாண்டும், பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நானே மாட்டுகிறேன். இணைப்பு கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட்டுக்குப் பசை தடவலாமா?

பதில்: கையேடு சொன்னால் மட்டும், அதுவும் மெல்லிய கோடாக. ரப்பர் வளையம் என்றால் பசை வேண்டாம், கூலண்டால் நனைத்தால் போதும். புதுப் பம்ப் போட்டுப் பத்தே நாளில் மறுபடி ஹீட் ஆன வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஹோஸைக் கழற்றியதும் புழு புழுவாகச் சிலிக்கோன் பசைத் துண்டுகள் விழுந்தன. மிச்சம் ரேடியேட்டரை அடைத்திருந்தது.

பழைய கேஸ்கெட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியம் கீறிவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கு மாறாக, இரண்டு மூன்று சுற்றில், இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கூலண்டை மெதுவாக ஊற்றி, கையேட்டு முறைப்படி காற்றை வெளியேற்றுங்கள். கூலண்ட் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், புதுச் சீல் கருகிவிடும்.

கேள்வி: ஓட்டும்போது முள் சிவப்புக்கு ஏறினால்?

பதில்: ஏசியை அணைத்து, ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கும் கூலண்ட் முகத்தில் பீறிடும். இன்ஜின் மேல் பச்சைத்தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

கேள்வி: வடித்த பழைய கூலண்டைத் தரையில் ஊற்றலாமா?

பதில்: கூடவே கூடாது. அது இனிக்கும், ஆனால் விஷம். நாயோ பூனையோ கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கூலண்டும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதை உடனே கழுவுங்கள்.