கிளினிக்கலா, நியூரோவா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறேன். அடுத்து மனநலச் சிகிச்சை சார்ந்த கிளினிக்கல் சைக்காலஜியா, மூளைப் பாதிப்பைச் சோதிக்கும் நியூரோசைக்காலஜியா என்று குழப்பமாக இருக்கிறது. நியூரோதான் அறிவியல், மற்றதெல்லாம் வெறும் பேச்சு என்கிறார்கள் வகுப்பில். எதை எடுப்பது?

ம., அல்சூர், பெங்களூர்

அன்புள்ள ம.,

இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் நியூரோசைக்காலஜிக்கென்று தனி உரிமம் கிடையாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றுதான் பதிவு செய்கிறது. உங்கள் ஊர் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் நியூரோசைக்காலஜி கிளினிக்கல் சைக்காலஜி துறைக்குள்தான் இருக்கிறது. முதலில் கிளினிக்கல் பயிற்சி, அப்புறம் நியூரோ. பெரும்பாலோர் வந்த வழி அதுதான்.

வகுப்பில் சொல்வதை நம்பாதீர்கள். என் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து வீடு திரும்பியபோது, தட்டில் வலப்பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். வீம்பு என்று அத்தை தினமும் சண்டை போட்டார். பரிசோதித்த உளவியலாளர் பெண் ஒரு தாள் நிறையக் கோடுகள் கொடுத்து எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். மாமா வலப்பக்கக் கோடுகளை மட்டும் அடித்துவிட்டு முடித்துவிட்டேன் என்றார். கண்ணில் கோளாறில்லை. மூளையின் வலப்பாதி அடிபட்டால், இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலருக்குக் கவனத்தில் வராது. அதை அந்தப் பெண் விளக்கிய அன்றோடு சண்டை நின்றது. அடுத்த சில மாதங்களில் மாமா யாரோடும் பேசாமல் சுருண்டு படுத்துவிட்டார். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு பலருக்கும் வரும். வாரந்தோறும் உட்கார்ந்து அவரைப் பேசவைத்து மீட்டதும் அதே பெண்தான். அந்தப் பேச்சில் அறிவியல் குறைவு என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பயிற்சியின்போது உங்களையே கவனியுங்கள். சில மணி நேரம் சோதித்து, எது பழுது, எது மிச்சம் என்று துல்லியமாக அறிக்கை எழுதுவது பிடிக்கிறதா? ஒரே மனிதரோடு மாதக்கணக்கில் இருப்பது பிடிக்கிறதா? முன்னது என்றால் நியூரோ, பின்னது என்றால் கிளினிக்கல். வலிப்பு அறுவை சிகிச்சைக்கு முன்பும், மறதி நோயிலும், தலைக்காயத்திலும் நியூரோவுக்கு வேலை நிறைய. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளில்தான்.

இன்னொன்று, உங்கள் தமிழும் கன்னடமும் பெரிய பலம். நினைவாற்றலை நோயாளிக்குப் புரியாத மொழியில் சோதித்தால் வரும் மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை.

கிளினிக்கல் பயிற்சி எம்.ஃபில். பட்டமாகவே நடந்துவந்தது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் அந்தப் பட்டத்தை நிறுத்த முடிவெடுத்த பிறகு இந்தப் படிப்புகளின் பெயரும் வடிவமும் மாறிவருகின்றன. பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியின் அந்தப் படிப்புக்கு அந்த ஆண்டு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள்.