கல் என்று சொல்லித்தான் அள்ளினார்கள்

அன்புள்ள அக்கா,

போன மாதம் நண்பர்களோடு கர்நாடகத்துக் குதிரேமுக் மலைக்குப் போய்வந்தேன். புல்வெளியும் சோலைக்காடுமாக அப்படி ஒரு மலை. சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்றையும் பார்த்தோம். இரும்புக்காக வெட்டிய பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. அங்கே வேலைக்குப் போன ஜனங்களாவது யோசித்திருக்க வேண்டாமா? அந்த மலை பழையபடி ஆகுமா? எங்களைப் போன்றவர்கள் அங்கே போவதே தவறா? நம் ராமநாதபுரத்தில் மலையும் இல்லை, காடும் இல்லை, காப்பாற்ற என்ன இருக்கிறது என்று ஏக்கமாகவும் இருந்தது.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

போய்வந்தது நல்லது. வனத்துறை அனுமதி வாங்கி, குப்பை போடாமல் வந்திருந்தால் அதில் தவறு ஒன்றுமில்லை, அதை விடு. 1987-லேயே தேசியப் பூங்கா என்று அறிவித்த மலை அது. அப்புறமும் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, 2005 கடைசியோடு நின்றது. புல் முளைக்கும். சீவி எடுத்த மலை முளைக்காது. லக்யா அணைக்குப் பின்னால் தேங்கிய சுரங்கக் கழிவையும் யாரும் திரும்ப அள்ளப்போவதில்லை.

ஆனால் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கீழக்கரையில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது? உன் ஊருக்கு எதிரே கடலில் பூவரசன்பட்டி என்று ஒரு தீவு இருந்தது தெரியுமா? இப்போது அது தண்ணீருக்குள் கிடக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லிக்கும் அதே கதிதான். ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாயே, அதில் இரண்டு போயே போய்விட்டன. தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைதான் அலையை உடைக்கிறது. பாறையைப் பெயர்த்தால் அலை நேரே வந்து தீவின் மணலை அரிக்கும். பெயர்த்தார்கள், அரித்தது. உன் குதிரேமுக்கில் நடந்த அதே வேலை, இங்கே தண்ணீருக்கு அடியில் நடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது மண்டபம் கரையில் அந்தப் பவளக் கல் குவிந்து கிடக்கும். கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அடுத்த நாளே நாற்றம் குடலைப் பிடுங்கும். கல் எங்கேயாவது நாறுமா? உயிரோடு இருந்தது செத்ததால் நாறியது. எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன், ஊசி முனை நுழைகிற குழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்னத் தகடுகள் பூ மாதிரி விரிந்திருக்கும். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த வீடு. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது என்கிற கல்லைத்தான் லாரி லாரியாகச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் சிமெண்ட், கார்பைடு ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். இங்கேயும் 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தாயிற்று, அப்புறமும் கல் வந்துகொண்டுதான் இருந்தது. 2001-ல்தான் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் சேர்த்தார்கள்.

வேலைக்குப் போனவர்கள் யோசித்திருக்க வேண்டாமா என்கிறாய். தம்பி, இப்படி இன்னொரு தடவை எழுதாதே. என் சித்தப்பா கல்லெடுக்கப் போனவர். மீன் படாத மாதத்தில் அடுப்பெரிய வேறு வழி இருக்கவில்லை. உள்ளங்கை முழுக்க வெட்டு, உப்புத் தண்ணீரில் ஆறவே ஆறாது. அவருக்குக் கிடைத்தது அன்றாடக் கூலி. ஆலை வைத்தவன் ஒருநாளும் கடலில் இறங்கவில்லை, அவனை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. குதிரேமுக்கிலும் மண்வாரி ஓட்டியவரையா கேட்பாய்? இரும்பு வேண்டும் என்றவனைக் கேள், அனுமதி கொடுத்த மேசையைக் கேள்.

2025-ல் இந்த மாவட்டத்தில் 20 இடங்களில் ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறு தோண்ட மாநில சுற்றுச்சூழல் ஆணையம் அனுமதி கொடுத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறச் சொன்னது அரசு. அந்தச் செய்தியைப் படித்தாயா? அந்த இடங்கள் எவை என்று தேடிப் பார்த்து, அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி எழுது. கோபப்பட்டேன் என்று எழுதாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அக்கா