கோச் கத்திக்கொண்டு வந்தால் அம்பயர் என்ன செய்வது?

கேள்வி: உள்ளூர் சாஃப்ட்பால் ஆட்டங்களில் அம்பயராக நிற்கிறேன். இழுபறியான அவுட் கொடுத்தாலே கோச் கத்திக்கொண்டு வந்துவிடுகிறார். பதில் சொன்னால் வாக்குவாதம் முற்றுகிறது, பேசாமல் இருந்தால் திமிர் என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: அவர் குரலை விடுங்கள், கேள்வியைக் கவனியுங்கள். ரன்னர் சேஃபா அவுட்டா, வீசிய பந்து பாலா ஸ்ட்ரைக்கா என்பதெல்லாம் உங்கள் கண் சொல்லும் தீர்ப்பு. அதன்மேல் புரொட்டெஸ்ட், அதாவது முறைப்படியான ஆட்சேபம், கிடையாது. விதியையே தவறாகப் பயன்படுத்தினால்தான் புரொட்டெஸ்ட் செல்லும். அதையும் பொதுவாக அடுத்த பந்து வீசுவதற்குள் சொல்லிவிட வேண்டும். ஃபாஸ்ட்பிட்சில் (பந்தை வேகமாக வீசும் சாஃப்ட்பால் வகை) யாரும் அவுட் ஆகாத நிலையில் முதல் பேஸில் ரன்னர் இருக்கிறார், மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் நழுவவிடுகிறார் என்று வையுங்கள். பேட்டர் அவுட்தான். நீங்கள் அவரை முதல் பேஸில் நிற்க விட்டால் கோச் கேட்பது நியாயம். அங்கே வீம்பு பிடிக்காமல் உடனே திருத்துங்கள்.

தீர்ப்பு விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. முதல் பேஸில் அவுட் கொடுக்கிறீர்கள்; “பேஸ்மேன் கால் பேஸிலேயே இல்லை!” என்று வருகிறார். டைம் கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். கையைக் கட்டாதீர்கள், விரல் நீட்டாதீர்கள், அவரைவிடத் தாழ்ந்த குரலில் பேசுங்கள். கால் பேஸில் இருந்ததைப் பார்த்திருந்தால், “கால் பேஸில் இருந்தது கோச், நான் பார்த்தேன்.” அவ்வளவு போதும். ஆள் மறைத்து உங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் கேட்சருக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயரிடம் போய் இருவர் மட்டும் பேசுங்கள். முடிவு மாறினாலும் மாறாவிட்டாலும் அதை நீங்களே அறிவிக்க வேண்டும். நீங்கள் கேட்காமல் கூட்டாளி குறுக்கிடக் கூடாது. இதை ஆட்டத்துக்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் சொன்ன பிறகும் அதையே திரும்பக் கேட்டால், “பதில் சொல்லிவிட்டேன், ஆட்டத்தைத் தொடர்வோம்” என்று நகருங்கள். முணுமுணுத்துக்கொண்டே டக்அவுட்டுக்கு (அணி உட்காரும் இடம்) திரும்புகிறவரைப் பின்தொடர்ந்து போகாதீர்கள். முக்கால்வாசிச் சண்டை அங்கேதான் மறுபடி பற்றிக்கொள்கிறது. “இன்னொரு வார்த்தை பேசினால் வெளியே” என்றும் சொல்லாதீர்கள். அவர் கட்டாயம் பேசுவார், பிறகு உங்களுக்கு வேறு வழி இருக்காது. “இது எச்சரிக்கை” என்று கூட்டாளிக்கும் கேட்கும்படி சொன்னால் போதும். ஆனால் உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினாலோ மேலே கை வைத்தாலோ எச்சரிக்கை தேவையில்லை, நேரே வெளியேற்றம்தான்.

வெளியேற்றினால் அன்றே அறிக்கை எழுதிவிடுங்கள். எந்த இன்னிங்ஸ், என்ன ஆட்டம், அவர் பேசிய வார்த்தைகள் அப்படியே. “மோசமாக நடந்துகொண்டார்” என்று எழுதினால் விசாரிப்பவருக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.