அண்ணாச்சி, மகள் இயற்பியலே படிக்கட்டும்

அண்ணாச்சி, போன வாரம் பாளையங்கோட்டைக்கு வந்தபோது உங்கள் மகள் என் மேசைமேல் வைத்த வெள்ளை வில்லை நினைவிருக்கிறதா? நான்கு சென்டிமீட்டர் சதுரம், சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர். பேட்டரியில் இணைத்ததும் மேல்பக்கம் குளிர்ந்து வியர்த்தது. அடிப்பக்கத்தைத் தொட்ட நீங்கள் கையை உதறிக்கொண்டீர்கள். "கம்ப்ரசர் இல்லாமலே குளிருமா?" என்று கேட்டதும் நீங்கள்தான். மருந்துக்கடையில் இன்சுலினைக் காப்பாற்றப் பாடுபடுகிறவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாவது, பெல்டியர் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 1834இல் கண்ட விளைவு. வில்லைக்குள்ளே பிஸ்மத் டெல்லுரைடு என்ற குறைக்கடத்தியின் துண்டுகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. அறை வெப்பநிலையில் நன்றாக உழைக்கும் இந்தப் பொருள், மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போனால் சோர்ந்துவிடும். அங்கே பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேர்ந்த கலவை மேல். இன்னும் கீழே, மைனஸ் 260 டிகிரிப் பக்கம், இரும்பும் ஆன்டிமனியும் சேர்ந்த ஒரு சேர்மம், இரு முனைகளுக்கும் வெப்ப வேறுபாடு இருந்தால், மிகப் பெரிய மின்னழுத்தம் தருகிறது. ஆனால் வெப்பத்தையும் தாராளமாகக் கடத்திவிடுவதால் ஆதாயம் கையில் நிற்பதில்லை. மின்சாரம் ஓட வேண்டும், வெப்பம் ஓடக் கூடாது. ஒரே பொருளிடம் இரண்டையும் கேட்கிறோம். எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகளையே மாற்றி அமைத்து இதைச் சாதிக்கப் பார்க்கிறார்கள். எலக்ட்ரான் அளவில் பொருள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் குவாண்டம் இயற்பியலுக்கு இங்கேதான் வேலை. இதே தத்துவத்தைத் திருப்பிப் போட்டால் வெப்பத்திலிருந்து மின்சாரம் வரும். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் மின்சாரம் அப்படிக் கிடைப்பதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இயற்பியல் மூன்று வருடத்தில் சம்பளம் தரும் படிப்பு அல்ல. பி.எஸ்சி., எம்.எஸ்சி., முனைவர் பட்டம் என்று பத்து வருடம் ஆகும். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில், முனைவர் பட்ட ஆய்வுக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கு முன் பெரும்பாலும் வீட்டுக் காசுதான். 'குவாண்டம்' என்று பலகையில் எழுதிவைத்து லட்சங்களில் கட்டணம் கேட்கும் இடங்களுக்கு மட்டும் போய்விடாதீர்கள். பட்டத்தின் பெயரைவிடக் கணிதமும் ஆய்வகமுமே முக்கியம்.

மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனமான ஐசரின் நுழைவுத்தேர்வை எழுதட்டும். திருவனந்தபுரம் ஐசர் நமக்குப் பக்கம்தான். கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டையிலேயே பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதலாம். கல்லூரியில் சேர்க்குமுன் ஆய்வகத்தை நேரில் பாருங்கள். கருவிகள் பூட்டிய அலமாரிக்குள் இருந்தால் யோசியுங்கள்.

அடுத்த முறை வரும்போது சூட்டை இழுத்துக்கொள்ள வில்லைக்கு அடியில் வைக்க ஓர் அலுமினியத் தகடும் கொண்டுவரச் சொல்லுங்கள். அது இல்லாமல் வெகுநேரம் ஓடவிட்டால் வில்லை கெட்டுவிடும்.