புதிர் வேட்டை கட்டுறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

தக்கலையிலிருந்து: அக்கா, எங்க குழுவுக்கு ஆன்லைன்ல முதல்தடவை புதிர் வேட்டை கட்டுறேன். எங்கிருந்து தொடங்க?

கடைசியிலேர்ந்து. பல புதிரோட விடைகளைச் சேர்த்து ஒரு இறுதி விடையைக் கண்டுபிடிக்கிறதுதானே புதிர் வேட்டை. இறுதி விடை ‘முத்து’ன்னு வச்சுக்கிடுங்க. முட்டத்துல முதல் எழுத்து, மாத்தூர்ல ரெண்டாவது, மருந்துவாழ்மலையில நாலாவது எடுத்தா மு, த், து. இந்த மூணு இடமும் விடையா வர்ற மாதிரி மூணு புதிர் கட்டுங்க. எத்தனையாவது எழுத்துங்கிறதை ௧, ௨, ௪ன்னு ஒவ்வொரு புதிரோட தலையிலயும் போட்டிருங்க. ௨ஐப் பிள்ளையார் சுழின்னு நினைச்சுத் தாண்டிப் போவாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒருத்தர் “அது எண்ணு!”ன்னு கத்துவாங்க பாருங்க, அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இதையெல்லாம் கட்டுறேன். முழுச் சொல் ஒண்ணு வந்து விழுந்துட்டா, சரியான்னு உங்ககிட்ட யாரும் கேக்க வேண்டியதில்லை.

கட்டி முடிச்சதும் விடை தெரியாத ஒருத்தரை உக்காரவச்சுப் போடச் சொல்லுங்க. நீங்க பக்கத்துல வாயே திறக்கக்கூடாது.

குளச்சல்: எந்த ஆப் நல்லது?

கூகுள் ஃபார்ம் போதும். ஆனா விடை சரியான்னு பாக்குற விதியை ஃபார்முக்குள்ளயே வச்சா, பக்கத்தோட சோர்ஸை, அதாவது பின்னாடி இருக்குற நிரலைத், திறக்கத் தெரிஞ்சவங்க விடையைப் படிச்சிருவாங்க.

கருங்கல்: ‘ஔவையார்’னு சரியாத்தான் போட்டாங்க, தப்புன்னு காட்டுது. ஏன்?

என் வேட்டையிலயும் இதே சொல்தான். ஒரு அணி சரியான விடையைக் கையில வச்சுக்கிட்டு நாப்பது நிமிஷம் தவிச்சுது. ‘ஔ’ ஒரே எழுத்து. நிறையப் பேர் ‘ஒ’ அடிச்சு, கூட ‘ள’ அடிப்பாங்க. கண்ணுக்கு ஒண்ணு மாதிரிதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. ‘கொ’வுலயும் கொம்பையும் காலையும் தனித்தனியா அடிக்கிறவங்க உண்டு. அதை யூனிக்கோடு நார்மலைசேஷன், அதாவது ஒரே எழுத்தை எப்படி அடிச்சாலும் ஒரே வடிவமா மாத்துற முறை, ஒண்ணாக்கிரும். ‘ஒள’வை ஆக்காது, நிஜமாவே ரெண்டு எழுத்தாச்சே. அதனால ரெண்டு வடிவத்தையும் விடைப் பட்டியல்ல சேருங்க. இடைவெளியையும் நீக்கிட்டு ஒப்பிடுங்க. விடை தெரியாத ஆளை வச்சுப் போட்டுப் பாத்திருந்தா அன்னைக்கே மாட்டியிருக்கும்.

கன்னியாகுமரி: வள்ளுவர் சிலை எத்தனை அடின்னு கேட்டேன். 133தான் விடை. 95ன்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றார்.

சுசீந்திரம்: அந்த ஒருத்தர் நான்தான். சிலை 95 அடி, பீடம் 38. கேட்டது சிலையைத்தானே?

கன்னியாகுமரி: ஊரே 133 அடிச் சிலைன்னுதான் சொல்லுது. அது தெரியாதவங்க தோக்கட்டுமே.

இல்லை. நீங்க சொல்லுறது வழக்கம், அவர் சொல்லுறது கணக்கு. ரெண்டும் சரின்னா தப்பு கேள்வியில. ‘பீடத்தோட சேர்த்து’ன்னு ரெண்டு வார்த்தை போட்டிருந்தா முடிஞ்சுது. இன்னும் அழகா, அந்தச் சண்டையையே புதிராக்கலாம். குறள்ல 133 அதிகாரம். அறத்துப்பால் 38, அதாக்கும் பீடம். பொருள் 70, இன்பம் 25, சேர்த்தா 95, அது சிலை. “அறத்தின் மேல் நிற்பது எத்தனை அடி?”ன்னு கேளுங்க. 95 தவிர வேற விடையே வராது.

சுசீந்திரம்: அப்போ எனக்கு மார்க் உண்டா?

உண்டு. ரெண்டு பேருக்கும் குடுக்கணும். கேள்வி கட்டினவர் பிழைக்கு விடை போட்டவங்க தண்டம் கட்டக்கூடாது.

பூதப்பாண்டி: எந்த ஆப்ல செய்யலாம்?

குளச்சலுக்குச் சொன்னதுதான்.

நாகர்கோவில்: படம் போட்டு இடம் கண்டுபிடிக்கச் சொல்லலாமா?

மாத்தூர் தொட்டிப்பாலம் முழுசாத் தெரிஞ்சா, படத்தை வச்சுத் தேடுற கூகுள் லென்ஸ் ஒரே நொடியில சொல்லிரும். தண்ணி ஓடுற தொட்டியோட உள்சுவரை மட்டும் எடுங்க. போன்ல எடுத்த படத்தை டாக்குமெண்டா அனுப்பினா எடுத்த இடமும் கூடவே போகலாம், நீக்கிட்டு அனுப்புங்க.

மார்த்தாண்டம்: ஆப் எதாவது சொல்லுங்களேன்.

மூணாவது தடவை. மேலே படிங்க. ஆப் புதிரைக் கட்டாது.

இரணியல்: நுழைவுக்கட்டணம் வாங்கிப் பரிசுப்பணம் குடுக்கலாமா?

வக்கீலைக் கேளுங்க.

ராஜாக்கமங்கலம்: கடைசிக் குறிப்பை முட்டம் பாறையில எழுதி வச்சு, நேர்ல போய் எடுக்கச் சொன்னா?

வேண்டவே வேண்டாம். அலை எப்போ ஏறும்னு வெளியூர்க்காரருக்குத் தெரியாது, போட்டி அவசரத்துல பாக்கவும் மாட்டாங்க. பாறையிலயும் எழுதாதீங்க. முட்டம் கலங்கரை விளக்கத்தை வீட்டுல உக்காந்து மேப்ல கண்டுபிடிக்கிற மாதிரி மாத்துங்க. மாத்தினதை, விடை தெரியாத ஒருத்தர்கிட்டக் குடுத்துப் பாத்துட்டு எனக்கு அனுப்புங்க.