எட்டரை மணிக்குச் சாத்தும் கதவு

அன்புள்ள ஐயா,

லண்டனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என்னோடு வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேயப் பெண்மணியும் அவர் கணவரும் பிரான்ஸில் தோர்தோன் பகுதியில் பழைய கல்வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். போன ஜூலையில் குடும்பத்தோடு ஒரு வாரம் அங்கே தங்கினோம். சொர்க்கம் ஐயா. தேன் நிறக் கல், சூரியகாந்தி வயல், நீச்சல்குளம், வாரச்சந்தை, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். யாருக்கும் எந்த அவசரமும் இல்லை.

எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. நாம் அவர்கள் நாட்டுக்குப் போனால் குடியேறிகள், அவர்கள் பிரான்ஸுக்குப் போனால் மட்டும் ‘எக்ஸ்பாட்’, அதாவது வெளிநாட்டில் வசிப்பவர். இது என்ன நியாயம்? ஆங்கிலேயர் சத்தமில்லாமல் பிடித்திருக்கும் புதிய காலனிதானே இது? இதையெல்லாம் கேட்டுவிட்டு இன்னொன்றும் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். எனக்கு ஐம்பது வயதாகிறது. லண்டன் வீட்டை விற்றுவிட்டு நானும் அங்கே போய்விடலாமா?

ர., லண்டன்

*

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது பகல் பதினொரு மணி. புதுச்சேரி மே மாதம். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் முன்னால் அதே தோர்தோனிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் வீடு வாங்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்கும் கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். நான் இன்னும் வாடகை வீட்டில் இருப்பவன்.

‘எக்ஸ்பாட்’ என்ற வார்த்தை பற்றி ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். விடுங்கள். காலனி என்பதும் சரியில்லை. காலனி என்றால் வரி வசூலிப்பார்கள், இவர்கள் வரி கட்டுகிறார்கள். புதியது என்பதும் தப்பு. 1152இல் அக்கித்தேன் (தோர்தோன் அடங்கிய தென்மேற்குப் பிரான்ஸ்) சீமாட்டி எலியனோரை மணந்தவர்தான் இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்தின் அரசர் இரண்டாம் ஹென்றி ஆனார். அந்த உறவில் தொடங்கிய ஆங்கிலேயப் பிடி 1453இல் தோர்தோன் ஆற்றங்கரையில், கஸ்தியோன் போரில்தான் விட்டது. முந்நூறு வருடம்! அப்போது வாளோடு நின்றவர்களின் வாரிசுகள் இப்போது வியாழக்கிழமை காலையில் பிரம்புக்கூடையோடு எமே சந்தையில் தக்காளி பொறுக்குகிறார்கள். 1270இல் கட்டிய அந்தச் சின்ன ஊரில் கிரிக்கெட் கிளப் கூட இருக்கிறது.

சரி, சொர்க்கத்துக்கு வருவோம். நீங்கள் போனது விருந்தாளியாக, ஒரு வாரம். அந்த வாரம் உங்கள் தோழி எத்தனை மணிக்கு எழுந்தார் என்று கவனித்தீர்களா? அந்தப் பக்கத்து ஆங்கிலேயர்களுக்குக் கோடை என்பது விருந்தாளிகளின் பருவம். பெர்ஜராக் விமான நிலையத்துக்குப் போவதும் வருவதும்தான் வேலை. அக்கா போனால் மைத்துனர், மைத்துனர் போனால் பழைய அலுவலக நண்பர்கள், அதாவது நீங்கள். தொழுவத்தைச் செப்பனிட்டுக் கோடை வாடகைக்கு விடுபவர்கள் பாடு இன்னும் மோசம். ‘ழீத்’ என்பார்கள் அந்த வாடகை வீட்டை. சனிக்கிழமை காலை ஒரு குடும்பம் காலிசெய்யும், மாலை இன்னொன்று வரும். நடுவில் இருக்கும் ஆறு மணி நேரத்தில் விரிப்புகளைத் துவைத்து, குளத்தில் விழுந்த இலையை வலையில் அள்ளி, குளத்துத் தண்ணீரில் குளோரின் சரியா என்று பார்த்து, கழிவுத்தொட்டி அடைத்துக்கொண்டிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். கிராமத்தில் பாதாளச் சாக்கடை ஏது? ஈரத்துடைப்பான்களைக் கழிப்பறையில் போடாதீர்கள் என்று நாலு மொழியில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அப்படியும் போடுவார்கள். ‘யாருக்கும் அவசரமில்லை’ என்று எழுதுகிறீர்களே, கொஞ்சம் கோபம் வந்தது எனக்கு. நீங்கள் ஊருக்குப் போனதும் ஒரு நன்றி மடலாவது போட்டீர்களா?

2019 ஜூலையில் நான் அங்கே மூன்று வாரம் தங்கினேன். பாரிஸில் உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்ததும் ரயிலேறினேன். தங்கியது முன்னால் சொன்ன அந்த நண்பர் வீட்டில். தொண்ணூறுகளில் புதுச்சேரியில் ஆங்கிலம் கற்பித்த தம்பதி, இங்கிலாந்தின் யார்க்ஷயர்காரர்கள். ஓய்வுபெற்றதும் அங்கே ஒரு பண்ணைவீட்டை வாங்கினார்கள். பழைய சொந்தக்காரரின் பிள்ளைகள் பொர்தோ நகரத்துக்கு வேலைக்குப் போய்விட, கூரை சரிந்து கிடந்த வீடு. பதினைந்து வருடம் பாடுபட்டு அதை எழுப்பியிருந்தார் நண்பர். அவருடைய பிரெஞ்சும் அந்த வேலையிலிருந்து வந்ததுதான். சிமெண்ட், ஓடு, குழாய், கசிவு இதற்கெல்லாம் வார்த்தை தெரியும். ‘உங்கள் மனைவிக்கு உடம்பு எப்படி இருக்கிறது’ என்று கேட்கத் தெரியாது. கழிவுத்தொட்டிக் காகிதம் ஒன்றுக்காக அவரோடு மேரிக்குப் போனேன். (ஊராட்சி அலுவலகம். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டாம்.) ஒரு வெள்ளைக்காரர் சொல்வதை இன்னொரு வெள்ளைக்காரருக்குப் புதுச்சேரி முதலியார்பேட்டைக்காரன் ஒருவன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். என் தாத்தா பார்த்திருந்தால் கண்ணீர்விட்டுச் சிரித்திருப்பார்.

நான் சொல்ல வந்தது ஜன்னல். அந்த வீடுகளின் ஜன்னலுக்கு வெளிப்புறமாகக் கனத்த மரக்கதவு உண்டு. ‘வொலே’ என்று பெயர். புகைப்படத்தில் நீலமோ சாம்பல் பச்சையோ பூசி அழகாகத் திறந்திருக்குமே, அதுதான். ஆனால் அது அழகுக்கு வைத்ததில்லை. கோடையில் காலை எட்டரை, மிஞ்சினால் ஒன்பது மணிக்கு அதைச் சாத்த வேண்டும். முதலில் கிழக்குப் பக்கம், அப்புறம் தெற்கு, பிறகு மேற்கு. சூரியன் இறங்கி, வெளிக்காற்று வீட்டுக் காற்றைவிடக் குளிர்ந்த பிறகு எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். சுவர் இரண்டடி கனம். இரவுக் குளிர்ச்சியைக் குடித்து வைத்திருக்கும், பகலில் மெல்ல விடும். கதவைத் திறந்து வைத்தால் அந்தச் சுவரே எதிரி. பகலெல்லாம் சூட்டை வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்க உங்கள் மேல் கக்கும்.

இது என் பாட்டிக்குத் தெரியும். வெயில் ஏறும் முன் ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிடுவாள். நண்பர் வீட்டுக்கு எதிர்வீட்டு மதாமுக்கும் தெரியும். எண்பது தாண்டிய விதவை, பகலில் அவர் வீடு ஆளில்லாத வீடு மாதிரி மூடிக் கிடக்கும். என் நண்பருக்குத் தெரியாது. காற்று வரட்டும் என்று எல்லாவற்றையும் திறந்து போட்டிருந்தார். அந்த அம்மா காலையில் ரொட்டியோடு திரும்பும்போது நின்று, ஜன்னலைக் காட்டி, சாத்தும்படி கையால் சொல்வார். நண்பர் சிரித்துக்கொண்டே “வி, வி” (ஆமாம், ஆமாம்) என்பார். தலையாட்டுவார். சாத்த மாட்டார். நான் இருந்தபோது அந்த அம்மா சொன்னதை முழுதாக மொழிபெயர்த்தேன். 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வெயிலுக்குப் பதினைந்தாயிரம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் கிழவர் கிழவிகள், அதில் என் நாத்தனாரும் ஒருத்தி, அவனிடம் சொல் என்றார். சொன்னேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாக, “இருட்டில் உட்கார்ந்திருக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார்.

என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. வாழ்நாளில் பெரும்பகுதி சாம்பல் நிற வானத்தின் கீழ் வேலைபார்த்து, சேமித்து, வெயிலை விலைகொடுத்து வாங்கியவர். பணம் கொடுத்த சாமானைக் கதவுக்கு வெளியே நிறுத்து என்றால் எப்படி மனம் வரும்? பகல் பன்னிரண்டரைக்குச் சந்தை கலைந்து, கடையெல்லாம் இரண்டு மணி வரை மூடிக் கிடக்கும்போது வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பாதையில் தொப்பி போட்டு நடப்பவர்கள் யார் என்று பார்த்தால் எல்லோரும் இங்கிலாந்துக்காரர்கள். ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும். இவர்கள் மட்டும் வெயிலில்.

ஜூலை 23ஆம் தேதி பொர்தோவில் 41.2 டிகிரி. அதுவரை அங்கே பதிவாகாத வெயில். மூன்று மணிக்கு நண்பரின் மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. நான் ஓடிப்போய் மதாமை அழைத்து வந்தேன். வந்தவர் நண்பரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை ஏவினார். ஈரத்துணி, தண்ணீர், உப்பு. பிறகு அந்த வயதில் மாடியேறி ஒவ்வொரு ஜன்னலாக வொலேயை இழுத்து, கொக்கி மாட்டிச் சாத்தினார். வீடு அறை அறையாக இருண்டுகொண்டு வந்தது. கடைசிக் கதவைச் சாத்தியபோது ஒரே ஒரு பிளவு வழியாக வெளிச்சம் தரையில் கோடுபோட்டது. நண்பர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார்.

மனைவி தேறிவிட்டார். மறுநாள் எட்டரைக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டுத்தான் நான் விழித்தேன். பதினைந்து வருடத்தில் வராத பிரெஞ்சு அதற்குப் பிறகு அவருக்கு வர ஆரம்பித்தது. ஆங்கிலேயர்கள் எல்லோருமே அப்படி ஒதுங்கி இருப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சுக் கிராம சபைகளில் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் உறுப்பினர்களாக உட்கார்ந்து சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். பிரெக்ஸிட் வந்ததும், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதும், 2020 மார்ச் தேர்தலில் அவர்களால் நிற்க முடியாமல் போயிற்று. அது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் கேள்வி. உங்களுடையது பிரிட்டிஷ் கடவுச்சீட்டு மட்டும்தான் என்றால், 2021 முதல் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் அங்கே இருக்கலாம். அதற்கு மேல் வாழ நீண்டகால விசா வேண்டும். முதலில் அதை விசாரியுங்கள். வீடு பார்க்க ஜூலையில் போகாதீர்கள், பிப்ரவரியில் போங்கள். பைத்தியக்காரத்தனமா என்றால், ஆமாம். ஐம்பது வயதில் அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

நண்பரின் மின்னஞ்சலை மறந்துவிட்டேன். மதாம் இரண்டு வருடம் முன்பு போய்விட்டார். வீட்டைப் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கென்ட் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி. கதவுகளுக்குப் புதிதாக நீலம் அடித்து, பகலெல்லாம் விரியத் திறந்து வைத்திருக்கிறார்களாம். இந்த வருடம் மே மாதமே வெயில் கடுமை. நண்பர் காலையில் ரொட்டியோடு திரும்பும்போது நின்று, எட்டரைக்குச் சாத்திவிடுங்கள் என்று ஆங்கிலத்திலேயே சொல்லியிருக்கிறார்.

சிரித்துக்கொண்டே தலையாட்டினார்களாம்.