மூச்சு முந்தும், முழங்கால் பிந்தும்

வாசகர் கேள்வி – பதில்: சைக்கிள்

கேள்வி (மண்டபம் வாசகர்): ஐப்பசி மழையில் சைக்கிளை நிறுத்தினேன். இடையில் டெங்குக் காய்ச்சலும் வந்துவிட்டது. 2 மாதத்துக்கு மேல் கழித்து இந்தத் தை மாதம்தான் மறுபடி எடுத்தேன். முன்பெல்லாம் விடியுமுன் கிளம்பி, தனுஷ்கோடி கடைக்கோடியான அரிச்சல்முனை வரை போய்த் திரும்புவேன். இப்போது பாம்பன் பாலத்தின் நடு மேட்டுக்கே மூச்சு இரைக்கிறது. 2 வருடம் சேர்த்ததெல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை. முதலில் குறைவது இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. தொடர்ந்து மிதிக்கிறவர் உடலில் அது கூடுதலாக இருக்கும். ஓட்டத்தை நிறுத்திய சில நாளிலேயே உடல் அந்தக் கூடுதலைக் கழித்துவிடுகிறது. இரத்தம் குறைந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளுகிற அளவும் குறையும். அதே வேகத்துக்கு அதிகம் துடிக்க வேண்டிவரும். பாலத்து மேட்டில் உங்களுக்கு இரைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதயத் தசை கெட்டுப்போனதாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

1984-ல் எட்வர்ட் காயில் குழுவினர், நன்றாகப் பயிற்சி எடுத்திருந்த 7 பேரை 84 நாள் பயிற்சி இல்லாமல் நிறுத்தி அளந்தார்கள். உடல் உச்சமாக இழுத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜன் முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாளில் 16 சதவீதம் வரை இறங்கி, அதற்குமேல் இறங்காமல் நின்றுவிட்டது. முதல் இறக்கத்துக்கு இதயம் தள்ளும் இரத்தம் குறைந்தது காரணம். அடுத்த இறக்கம் தசைக்குள் நடந்தது: ஆக்சிஜனை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் சரிந்தது. ஆனால் பயிற்சியால் தசைக்குள் பெருகியிருந்த நுண் இரத்தக் குழாய்கள் 84 நாள் கழித்தும் குறையவில்லை. வாய்க்கால் அப்படியே கிடக்கிறது, தண்ணீர்தான் வற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் காற்றையும் சேர்க்க வேண்டும். தை மாதம் வடகிழக்குக் காற்றான வாடை அடிக்கும் காலம். மண்டபத்திலிருந்து பாலத்தில் கிழக்கே ஏறும்போது அது முகத்துக்குச் சாய்வாக வருகிறது. காற்றில்லாத நாளில் 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு, 20 கி.மீ. வேக எதிர்காற்று நேராக வந்தால், அதே வேகத்தில் போகக் காற்றின் தடை மட்டும் 4 மடங்கு ஆகிவிடும். மழைக்கு முந்தைய அமைதியான காலையின் வேகத்தை வாடைக் காலையோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். நம் கரையில் மலை இல்லை, காற்றுதான் மலை.

டெங்கு தனி விஷயம். காய்ச்சல் விட்டும் பல வாரம் அசதி நீடிக்கலாம். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகுதான் மிதிக்க வேண்டும். காலையில் படுக்கையை விட்டு எழுமுன் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். வழக்கத்தைவிட 8, 10 துடிப்பு கூடுதலாக இருக்கிற நாளில் வண்டியை எடுக்காதீர்கள். மிதிக்கும்போது நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல் எது வந்தாலும் அங்கேயே இறங்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (உச்சிப்புளி வாசகர்): 2 மாதம் விட்டவன் பழைய 70 கி.மீ. தூரத்துக்குத் திரும்ப எத்தனை வாரம் ஆகும்? வாரம் வாரியாகச் சொல்லுங்கள்.

பதில்: 2 மாதம் வரை விட்டவர்கள், விட்ட காலம் எவ்வளவோ அவ்வளவு காலமாவது திரும்பி வரக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு 8 வாரம்.

முதல் 2 வாரம், ஒருநாள் விட்டு ஒருநாள், 15 முதல் 20 கி.மீ. போதும். லேசான கியர், நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். குறைந்துபோன பிளாஸ்மா இந்த 2 வாரத்தில் பெருமளவு திரும்பிவிடும். 5-ஆவது, 6-ஆவது ஓட்டத்திலேயே மூச்சு லேசாகிவிட்டது தெரியும்.

ஆபத்து 3-ஆவது வாரத்தில்தான் இருக்கிறது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறோம். மூச்சு நன்றாக இருக்கிறது, கால் பழசை நினைவில் வைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் தனுஷ்கோடிக்குக் கூப்பிடுகிறார்கள். மூச்சை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வது முழங்கால். தசையையும் எலும்பையும் கட்டும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. தசை சில வாரத்தில் பலப்படும், தசைநாணுக்கு மாதக்கணக்காகும். அதனால் 3, 4-ஆவது வாரங்களில் நீண்ட ஓட்டம் 35 கி.மீ. தாண்ட வேண்டாம். வாரம் ஒருநாள் மட்டும் 3 நிமிடம் அழுத்தி மிதித்து 3 நிமிடம் லேசாகச் சுற்றுவதை 4 தடவை செய்யுங்கள். அழுத்துவது என்றால் வேகமாகச் சுற்றுவது. கனமான கியரைப் போட்டு நசுக்குவது இல்லை.

5, 6-ஆவது வாரங்களில் 50 கி.மீ. வரை போகலாம், 3 நிமிடத்தை 4 ஆக்கலாம். 7-ஆவது வாரம் 55-லேயே நில்லுங்கள். 8-ஆவது வாரக் கடைசியில் 70.

திசையையும் பார்த்து வையுங்கள். எதிர்காற்றில் கிளம்பி, காற்று தள்ளத் திரும்புவதுதான் நல்லது. வாடைக் காலத்தில் கிழக்கே இராமேஸ்வரம் பக்கம் போய்த் திரும்புவது இதற்குப் பொருந்தும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது அதே சாலை ஏமாற்றும்: போகும்போது பறப்பீர்கள், களைத்துத் திரும்பும்போது மொத்தக் காற்றும் எதிரே நிற்கும். அப்போது மேற்கே இராமநாதபுரம் பக்கம் போய்த் திரும்புங்கள். தனுஷ்கோடி சாலை தென்கிழக்காக ஓடுவதால் வாடை, கச்சான் இரண்டுமே அங்கே பெரும்பாலும் பக்கவாட்டில்தான் அடிக்கும். சாலையில் ஏறிக் கிடக்கும் மணல் திட்டில் பக்கக் காற்றும் சேர்ந்தால் சக்கரம் இழுத்துவிடும். முதல் 4 வாரம் அந்தப் பக்கம் வேண்டாம்.

வெயில் தாங்கும் பழக்கமும் நின்றால் போய்விடும். அது திரும்ப 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்; 1 கிலோ குறைந்தால், குடித்ததுபோக இன்னும் ஏறக்குறைய 1 லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். 1 மணி நேரத்துக்கு மேல் போனால் வெறும் தண்ணீர் போதாது, உப்புப் போட்ட மோர் எடுத்துப் போங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கேள்வி (இராமநாதபுரம் வாசகி): 3 மாதம் கழித்து ஓட்ட ஆரம்பித்தேன். முதல் 2 வாரம் ஒன்றுமில்லை. இப்போது முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது, மாடிப்படி இறங்கினால் அதிகமாகிறது.

பதில்: மேலே சொன்ன 3-ஆவது வாரம்தான். வலி முன்பக்கம் என்றால் பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும், அல்லது கியர் கனமாக இருக்கும். பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம் அதிகம். சுவரைப் பிடித்து உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. இந்த உயரத்தில் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கி நிற்கும். ஒரே நாளில் 2 அங்குலம் ஏற்றாமல், 2 ஓட்டத்துக்கு ஒருமுறை அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள். 10 நாள் தூரத்தைப் பாதியாக்குங்கள், முற்றிலும் நிறுத்த வேண்டியதில்லை. முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): ஒவ்வொரு வருடமும் நோன்பு மாதத்தில் சைக்கிளை விட்டுவிடுகிறேன். பெருநாள் கழித்துத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. கூட்டுவதற்குத்தான் நிறைய உழைப்பு வேண்டும், இருப்பதைக் காக்கக் கொஞ்சம் போதும். 1980-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஹிக்சன் செய்த ஆய்வுகளில், வாரம் 6 நாள் பயிற்சியை 2 நாளாகக் குறைத்தவர்கள் 15 வாரம் வரை ஆக்சிஜன் திறனைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நிபந்தனை ஒன்றுதான்: நாள் எண்ணிக்கையைக் குறைக்கலாம், நேரத்தைக் குறைக்கலாம், அழுத்தத்தைக் குறைக்கக்கூடாது. இரவுத் தொழுகையான தராவீஹ் முடிந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு, வாரம் 2 இரவு, 30 நிமிடம் போதும். அதில் 3 நிமிட அழுத்தம் 4 தடவை. நோன்பு திறந்ததிலிருந்து, விடியுமுன் சாப்பிடும் சஹர் வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். நோன்புக் கஞ்சி குடித்த சூட்டோடு ஏறினால் வயிறு குலுங்கும். இரவில் முன்விளக்கும் பின்சிவப்பு விளக்கும் இல்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கவே கூடாது. விளக்கு இல்லையென்றால் வீட்டுக்குள் ஸ்டாண்டில் நிறுத்தி மிதியுங்கள். பகலில் நோன்போடு ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால், திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம், லேசாக மட்டும்.

கேள்வி (தேவிபட்டினம் வாசகி): அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுகிறார். அரை வருடம் கழித்து மறுபடி சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்கிறார். விடலாமா?

பதில்: நல்ல காரியம், விடுங்கள். ஆனால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு. அரை வருடம் ஓட்டாத காலத்தில் மாத்திரை அளவு ஏற்றப்பட்டிருந்தால், மிதிக்க ஆரம்பித்ததும் அதே அளவு அதிகமாகிச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். கிளிமிபிரைடு அப்படித் தாழ்த்தக்கூடிய மாத்திரை. ஓட்டுமுன் குத்திப் பாருங்கள்: 100-க்குக் கீழ் என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும், 70-க்குக் கீழ் என்றால் அன்று வேண்டாம். சட்டைப் பையில் 4 தேக்கரண்டி சர்க்கரை பொட்டலமாக இருக்க வேண்டும். கை நடுக்கம், குளிர் வியர்வை வந்தால் உடனே இறங்கி அதை வாயில் போட்டு, 15 நிமிடம் உட்கார வேண்டும். சில சமயம் தாழ்வது அன்று இரவில்கூட நடக்கும். புண் இருக்கிறதா என்று பாதத்தையும் தினம் பாருங்கள், செருப்போடு மிதிக்க வேண்டாம்.

கேள்வி (இராமேஸ்வரம் வாசகர்): 4 மாதம் திண்ணையில் நின்ற சைக்கிள். செயின் சிவந்துவிட்டது, சீட் அசையவில்லை. அப்படியே எண்ணெய் விட்டு ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். உப்பைக் கழுவாமல் விடுகிற எண்ணெய், உப்பை உள்ளே வைத்துப் பூசின மாதிரிதான். கழுவுகிற தண்ணீரில்தான் பலர் தவறுகிறார்கள். நம் பக்கத்தில் பல வீட்டு போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் வெள்ளையாகப் படிந்து நிற்கும். குடிக்கிற நல்ல தண்ணீர் அரை வாளி, ஒரு துணி, ஒரு பழைய பல் தூரிகை இருந்தால் போதும். அச்சுகளுக்குள் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், உள்ளே பால்ரஸ் குண்டுகள் துருப்பிடிக்கும்.

செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய் விட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். மடங்கின கண்ணி நிமிராமல் நின்றால் அந்தச் செயின் ஆகாது. அளந்தும் பாருங்கள்: இரும்பு ஸ்கேலின் 0-வை ஒரு ஆணியின் நடுவில் வைத்தால், அதிலிருந்து 24-ஆவது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். ஒரு அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினை மாற்றுங்கள். 8-இல் ஒரு பங்கு என்றால் ஃப்ரீவீலும் தேய்ந்திருக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

சீட் பில்லர் அலுமினியம், ஃப்ரேம் இரும்பு என்றால் உப்புக் காற்றில் அலுமினியம் அரித்து இரண்டும் இறுகிவிடும். இணைப்பில் துரு நீக்கும் எண்ணெயை இரவே விட்டு, காலையில் சீட்டை இடவலமாகத் திருகிக்கொண்டே இழுங்கள், சுத்தியலால் அடிக்காதீர்கள். வந்ததும் துடைத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள். பிரேக் கம்பி பிடித்துப் பிடித்து நகர்ந்தால் உள்கம்பியையும் மேலுறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தால் புது டயர்தான். நல்லதாக இருந்தால், காற்றை இறக்கிக் கழற்றி உள்பக்கம் முழுக்கப் பஞ்சை ஓட்டுங்கள். பஞ்சு நூலிழை சிக்கும் இடத்தில் சீமைக்கருவேல முள்ளின் முனை முறிந்து நிற்கும். வெளியிலிருந்து அது தெரியாது. ட்யூபை மாற்றினாலும் அதே இடத்தில் மறுபடி பஞ்சர் ஆகும். குறட்டால் உள்பக்கமாகப் பிடுங்கிவிட்டு ட்யூபை மாட்டுங்கள்.